கதவின் அடியில் தட்டியவர்

காலை ஏழரை மணிக்குள் அவள் நான்காவது தடவையாக அவருடைய ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதல் தடவை வலதுகால் ஷூ இடதுகாலில் இருந்தது. இரண்டாம் தடவை ஷூ சரியாக இருந்தது, கால்சட்டைதான் இல்லை. மூன்றாம் தடவை ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் அவளுடைய செருப்புமாக வாசல்வரை போய்விட்டார்.

"வண்டி கழுவியாச்சா?" என்று கேட்டார் அவர்.

அவள் மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டாள்.

"கழுவியாச்சுங்க."

"டேங்க்ல தண்ணி?"

"ரொப்பியாச்சு."

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு மறுபடியும் வண்டி கழுவப்படாமல் நிற்கும். அன்றைக்கு அது எத்தனையாவது கேள்வி என்று எண்ணுவதை அவள் ஐந்து வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டாள்.

முப்பத்தோரு வருஷம் தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்தவர். தெருவில் அவருக்கு ஏணிக்காரர் என்றுதான் பெயர். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அதன்பின் மறதிநோய் வந்தது. இந்த நாலு வருஷத்தில் முதலில் சாவிகள் போயின, பிறகு தெருக்கள் போயின, பிறகு மனிதர்கள். மனைவியை இப்போது "அந்தம்மா" என்கிறார். அந்தம்மா நல்ல மாதிரி என்று தங்கையிடம் ஒருநாள் சிபாரிசும் செய்தார்.

அந்தத் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், புருஷனை இழந்து மூன்று வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஏழு வயதில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவளைத் தூக்கி வளர்த்தவர் இந்த அண்ணன். அண்ணனுக்கு ஒரு குறை என்றால் அது அண்ணி வைத்த குறை என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"அண்ணி, இன்னிக்கும் பத்து மணிக்குக் கதவச் சாத்திக்கப் போறீங்களா?"

"செவ்வாக்கிழமை இல்லையாம்மா... வகுப்பு இருக்கு."

"அண்ணன் இங்க ஷூவ மாட்டிக்கிட்டு நிக்கிறார். நீங்க உள்ள உக்காந்து மூச்சு விடப் போறீங்க. மூச்சு விடறதுக்கு ஒரு வகுப்பு. நாங்கல்லாம் இத்தனை வருஷமா வகுப்புக்குப் போகாமத்தான் விட்டுக்கிட்டிருக்கோம்."

மகன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். எங்காவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டே இருப்பார்கள். "பதறாதீங்க சார். லிஃப்ட் கீழ விழாது. கதவ நெம்பாதீங்க. கீழ உக்காந்து மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விடுங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினான்.

"அத்தை சொல்றதும் நியாயந்தானேம்மா. நீ மூச்சு விட்டா அப்பாவுக்கு ஞாபகம் திரும்பிடுமா?"

தான் இப்போதுதான் போனில் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. மருமகளுக்கு மட்டும் உறைத்தது. அவள் டீக் கோப்பைக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

அந்த வகுப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே மருமகள்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தன் வலது கையையே வெறித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாமனார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் நாலு விரல் தடம் சிவப்பாக இருந்தது.

"அறுபது தடவ கேட்டார்டி... அறுபத்தோராவது தடவ என் கை என்ன பண்ணிச்சுன்னே எனக்குத் தெரியல."

மறுநாள் மருமகள் கடையில் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான மனப்பயிற்சி. எட்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும், காலை பத்திலிருந்து பத்து நாற்பதுவரை. வீட்டை விட்டு எங்கும் போகவேண்டாம், போன் இருந்தால் போதும்.

"நீங்க இதுல சேருங்கம்மா" என்றாள். அவளும் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "அப்பாவுக்காக இல்ல. உங்களுக்காக."

உனக்காக என்று ஒருவர் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடே சேர்ந்தாள்.

இஸ்திரி போடும் சிறிய அறையில், துணிக்கூடைமேல் போனைச் சாய்த்து வைத்து, முக்காலியில் உட்காருவாள். திரையில் எட்டுக் கட்டங்கள், ஏழு முகங்கள். கழுத்தில் அளவுநாடாவோடு ஒரு தையல்காரர், மனைவியைப் பார்த்துக்கொள்கிறவர். அப்பாவுக்காகக் கல்லூரியைப் பாதியில் நிறுத்திய ஒரு பெண். அழுகிறோம் என்று தெரியக்கூடாதென்று கேமராவை அணைத்துவிட்டுக் குரலோடு மட்டும் வரும் ஒருத்தி. நடத்துபவள் முன்னாள் நர்ஸ், பெற்ற தாயை ஆறு வருஷம் இதே நோயில் பார்த்துக்கொண்டவள். எல்லோரும் அவளை அக்கா என்றார்கள், அறுபத்திரண்டு வயதான இவள் உட்பட.

அக்கா ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் கட்டையால் மூன்று தடவை தட்டுவாள். மணி போல ஒலிக்கும். அதோடு வகுப்பு தொடங்கும். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். நினைப்பு எங்கோ ஓடினால் திட்டாமல் அழைத்துக்கொண்டு வரவேண்டும். முடிவில் மறுபடி மூன்று மணி, அதன்பின் இரண்டு நிமிஷம் அமைதி. எந்தச் சத்தம் வந்தாலும் வரட்டும், போகட்டும் என்று இருக்கவேண்டும். மற்றவர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டார்கள். இவள் மாட்டவில்லை. ஒரு காது எப்போதும் கூடத்தில் அவரிடம் இருக்கவேண்டும் அல்லவா.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். இரண்டாம் வாரம், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சுக்கு இடம் இருப்பது தெரிந்தது. மூன்றாம் வாரம் அந்த இடத்தில் அவள் நிற்கப் பழகினாள். வண்டி கழுவியாச்சா என்று அவர் கேட்கும்போது அது அறுபதாவது கேள்வி இல்லை, அவருக்கு அது முதல் கேள்வி என்பது புரிந்தது. அவர் மணிக்கட்டில் அதன்பின் ஒரு தடமும் விழவில்லை. இதைச் சாதனை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. வகுப்பு நாட்களில் அவர் நிலைகொள்ளாமல் தவித்தார். நாத்தனார்தான் கையைப் பிடித்து உட்காரவைப்பாள்.

"நீங்க கதவ மூடினாலே அண்ணன் எந்திரிச்சு ஓடப் பாக்கறார் அண்ணி. அவருக்கே பிடிக்கல. உங்கள விட்டு ஓடறார்."

அது அவள் மனசில் முள்ளாகத் தைத்து, அங்கேயே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் அக்கா ஒன்று கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண இங்க சொல்லலாம். சொல்லணும்னு கட்டாயமில்ல."

கட்டங்களில் எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, தன் குரல்தான் என்று தனக்கே தெரியாத ஒரு குரலில், அவள் பேசினாள்.

"சில நாள் காலையில... இவர் எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணுது. தோணின உடனே போய் அவர் மூக்குகிட்ட கைய வச்சுப் பாப்பேன். மூச்சு வருதான்னு. வந்தா அழுவேன். எதுக்கு அழுறேன்னு எனக்கே தெரியாது."

தையல்காரர் அளவுநாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்மா" என்றார். முகம் காட்டாதவளின் குரல், "எனக்கும்" என்றது. யாரும் அவளைக் கொலைகாரி என்று சொல்லவில்லை. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று கொஞ்சம் நகர்ந்தது.

ஆனால் கதவுக்கு வெளியே நாத்தனார் நின்றிருந்தாள். மடித்த துணிகளை வைக்க வந்தவள். அண்ணி சொன்ன முதல் வரி மட்டும் அவள் காதில் விழுந்தது. மீதியைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை.

வகுப்பு முடிவில் மூன்று மணி ஒலித்தது. இரண்டு நிமிஷ அமைதியில் அவள் கண்ணை மூடியிருந்தாள். கதவில் எங்கோ கீழே டப், டப், டப் என்று ஒரு சத்தம் கேட்டது. வரட்டும், போகட்டும் என்று இருந்தாள். சத்தம் வந்தது, போனது.

கதவைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஷூ இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. நாத்தனார் குளியலறையிலிருந்து வெளியே வந்தாள், முகமெல்லாம் தண்ணீர்.

"அண்ணன் எங்க?"

"நீ பாத்துக்கறேன்னு சொன்னியேம்மா..."

"நானா? பொண்டாட்டி நீங்களா நானா?"

நாற்பது நிமிஷம் அவள் தெருத்தெருவாக ஓடினாள். எந்தப் பயிற்சியும் கைகொடுக்கவில்லை. மூச்சு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. பெரிய சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது அவளுக்கு உயிரே போய்த் திரும்பியது.

கடைசியில் தெருக்கோடி அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க கட்டடத்தையே காலி பண்ணிட்டார். நாலு மாடியும். 'எல்லாரும் கீழ எறங்குங்க, சாமான எடுக்காதீங்க, லிஃப்ட்ல போகாதீங்க'ன்னு. இருபத்திமூணு பேர் முற்றத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் பாதிதான் சவரம் பண்ணியிருக்கார்."

"மன்னிச்சுக்குங்க ஐயா... அவருக்கு உடம்பு..."

"தெரியும்மா. யாரும் கோவிச்சுக்கல. மூணாம் மாடியில முட்டி வலிக்காரம்மா ஒருத்தங்க, எத்தனையோ நாளா கீழயே எறங்கினதில்ல. அவங்க கைய தன் தோள்ல போட்டு என்ன பக்குவமா எறக்கினார் தெரியுமா. ஒண்ணுதான் எனக்குப் புரியல. மணி இருக்கு, அதத் தொடல. மண்டி போட்டு, கதவோட அடியில தட்டறார்."

அவளுக்குப் புரிந்தது. கல்யாணமான புதிதில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் பழக்கதோஷத்தில் அப்படித்தான் தட்டுவார். எலி என்று நினைத்து அவள் ஒருநாள் துடைப்பத்தோடு கதவைத் திறந்திருக்கிறாள். புகை மேலே போகும், மாட்டிக்கொண்டவர்கள் தரையோடு கிடப்பார்கள், அவர்கள் காதுக்கு எட்டவேண்டுமென்றால் கதவின் அடியில்தான் தட்டவேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார்.

கட்டடத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் முதலில் தட்டியது அவளுடைய கதவைத்தான். அவள் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகன் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தான். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அம்மா. அத்தை ஒண்ணு சொல்றாங்க. நான் நம்பல. நீ இல்லன்னு சொல்லிடு, போதும். அப்பா போயிட்டா நல்லாருக்கும்னு நீ யார்கிட்டயோ சொன்னியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய விஷயங்களுக்கு இல்லை என்று சொன்னவள்தான். ஆனால் வகுப்பில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் முதன்முதலாக உண்மையாகச் சொல்லியிருந்தாள். அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"சொன்னேம்ப்பா."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். "கேட்டியாடா... கேட்டியா... என்னப் பெத்தவர் மாதிரி வளத்தவருடா. அவர் சாகணும்னு உக்காந்து மூச்சு விட்டிருக்காங்கடா உங்கம்மா."

"அத்தை, சும்மா இருங்க." அவன் குரல் உடைந்தது. "அம்மா, அப்பா மொதல்ல உன் கதவத்தான் தட்டினார்னு சொன்னியே, அது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அவர்னு தெரியல. ஆனா கேட்டுச்சு."

மருமகள் இடையில் வந்தாள். "அம்மா எத்தனை வருஷமா ராத்திரி பகல் பாக்காம..."

"நீ பேசாதே. இந்த வகுப்பக் கொண்டுவந்ததே நீதான்." அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னான். "உன்னால முடியல. அதுல தப்பு இல்ல. ஆனா இனிமே அப்பாவ உன்கிட்ட விட முடியாதும்மா. காப்பகத்துல இடம் கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி வரும்."

முடியல என்றால் தாங்கியிருப்பாள். உன்கிட்ட விட முடியாது என்ற வார்த்தை அவளை நடுவில் பிளந்தது. பத்து மாதம் அவள் சுமந்து பெற்றவன் வாயிலிருந்து அது வந்தது. அவள் கெஞ்சவில்லை. எழுந்துபோய் அவருடைய நகத்தை வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டுவது வழக்கம், இந்தத் தடவை முன்கூட்டியே வெட்டவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய பை தயாராக இருந்தது. துணிமணிக்கு மேலே மடித்த காகிதம் ஒன்று. மருமகள் பையை மூடப்போனவள் அதை எடுத்துப் பிரித்தாள்.

'இடதுகால் ஷூவை முதலில் மாட்டவும். வலதை முதலில் மாட்டினால் உதைப்பார். குளிக்கும்போது தலையில் நேராகத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கையில் ஊற்றிக் காட்டிவிட்டு ஊற்றவும். வண்டி கழுவியாச்சா என்று கேட்பார். கழுவியாச்சு என்று சொன்னால் போதும். எந்த வண்டி என்று கேட்கக்கூடாது, கேட்டால் பயந்துவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை போலவே சொல்லவும். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விட்டுக்கொண்டால் சுலபமாக இருக்கும்.'

இப்படி இரண்டு பக்கம். மருமகள் படித்துவிட்டுக் காகிதத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள். "இத எழுதினவங்கதான் அவர் சாகணும்னு நெனச்சாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். அவன் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் நின்று, மறுபடி மேலிருந்து படித்தான். ஆனாலும் போனை எடுத்து வண்டியை வேண்டாமென்று சொல்ல அவனுக்குக் கை வரவில்லை. ஒரு தடவை காணாமல் போனவர் இன்னொரு தடவை போகமாட்டார் என்று யார் சொல்வது?

பத்து மணிக்கு அவள் இஸ்திரி அறைக்குப் போனாள். வகுப்புக்கு இல்லை, விடைபெற. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் மற்றவர்கள் திரையில் ஒரு கட்டம் இருட்டாகி, அவர்கள் பதறுவார்கள். கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை. இனி எந்தக் கதவுக்கும் தாழ் போடுவதாக இல்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்..." என்று வாயெடுத்தாள். அவளுடைய குரல் போய்ச் சேர்வதற்குள், வழக்கம்போல, பித்தளைக் கிண்ணம் மூன்று தடவை ஒலித்துவிட்டது.

கூடத்தில் அந்த நேரம் நடந்ததை மருமகள் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். முதல் மணிக்குத் தலை நிமிர்ந்தது. இரண்டாம் மணிக்கு முதுகு நேரானது. மூன்றாம் மணிக்கு எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் இருந்த மூட்டம் கலைந்து, வேலைக்குப் போகிற மனுஷனின் கண்ணாக இருந்தது அது. நாத்தனார் பிடிக்கப் போனாள்.

"விடுங்க அத்தை" என்று மருமகள் தடுத்தாள். "மணி... மணி கேட்டதுக்கப்புறம்தான் எந்திரிச்சார். தீயணைப்பு நிலையத்து மணின்னு நெனச்சுட்டார். பாருங்க. எந்தப் பக்கம் போறார்னு பாருங்க."

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஷூவை மாட்டினார், இடதுகால் முதலில், ஒரே இழுப்பில் முடிச்சு. கைகழுவும் தொட்டிக்குப் போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டார். பிறகு இஸ்திரி அறைக் கதவின்முன் மண்டி போட்டார்.

டப், டப், டப்.

உள்ளே அவள் கண்ணைத் திறந்தாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா? சத்தம் குடுங்க."

எத்தனையோ நாளாக அவரிடம் கேட்காத குரல். அந்தக் குரலுக்குத்தான் ஊர் வழிவிட்டது.

"நான் இருக்கேங்க."

"நடக்க முடியுமா?"

"முடியும்."

"பயப்படாதீங்கம்மா. நான் வந்துட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு குனிந்தபடியே உள்ளே வந்தார். ஈரத்துண்டை அவள் தலையிலும் மூக்கிலும் சுற்றினார். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு முதியவர்கள், நாலு கெட்டுப்போன முழங்கால்கள், கூடத்தைத் தவழ்ந்து கடந்தார்கள். துணிக்கூடையின் மேல் போனில் அக்காவும் மற்றவர்களும் காலி முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். அவன் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் வேலையை ஒரு தடவையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தவன். இப்போதுதான் பார்த்தான்.

வாசல் படி இறங்கி வெயிலுக்கு வந்ததும் அவர் நிமிர்ந்தார். அவள் தலைத்துண்டை எடுத்து, முகத்தைத் துடைத்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். திருப்தியானது போலத் தலையாட்டினார். பின்னாலேயே ஓடிவந்து நின்ற தங்கையை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே. ஒரு நாற்காலி கொண்டாங்க. இவங்க ரொம்ப நேரமா உள்ளயே இருந்திருக்காங்க."

நாத்தனார் உள்ளே ஓடி, அண்ணன் உட்காரும் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணியைத் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள். உட்காரவைத்த கையை எடுக்காமல் அப்படியே சரிந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அண்ணி... அன்னிக்கு நான்தான் அவர விட்டுட்டுப் போனேன் அண்ணி. நீங்க சொன்னது காதுல விழுந்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயத் திறந்துவிட்டு அழுதுக்கிட்டிருந்தேன். வாசல் கதவத் திறந்து போட்டதும் நான்தான். பழிய உங்க தலையில போட்டுட்டேன்... உங்கள விட்டு ஓடறார்னு வேற சொன்னேன். ஓடலையே அண்ணி. உங்களத்தானே மொதல்ல தேடி வந்திருக்கார்."

அவள் நாத்தனாரின் நரைத்த உச்சியில் கைவைத்தாள். கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மூச்சு இழுத்து விட்டாள், கோபம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"நான் சொன்னது நெசந்தாம்மா. அப்படித் தோணத்தான் செய்யும். இன்னமும் தோணும். நீ மீதியையும் கேட்டிருக்கலாம்."

"என்ன மீதி?"

"அப்புறமா சொல்றேன். இல்லன்னா அடுத்த வகுப்புக்கு நீயும் வா. அங்க எல்லாருக்கும் அந்த மீதி தெரியும்."

மகன் படியில் உட்கார்ந்திருந்தான். கையில் இன்னும் அந்த இரண்டு பக்கக் காகிதம். காப்பகத்துக்குப் போன் செய்து, இன்றைக்கு வேண்டாம், வேண்டுமானால் நானே சொல்கிறேன் என்றான். அம்மாவின் காலருகே வந்து குந்தினான்.

"அம்மா... உன்கிட்ட விட முடியாதுன்னு சொன்னேன்ல."

"சொன்னே."

"அத எப்படித் திரும்ப எடுத்துக்கறதுன்னு தெரியலம்மா."

"எடுக்க முடியாதுப்பா. கிடக்கட்டும். நீ செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் அப்பா பக்கத்துல உக்காரு. வாசல் கதவுக்கு மேல ஒரு கொக்கியும் போடு, நல்ல மெக்கானிக்தானே நீ. அது போதும்."

அவன் அவள் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதான். இத்தனை பெரிய ஆள் அழுவதைப் பார்த்து, யாருக்கோ தீக்காயம் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஈரத்துண்டை மகனின் தலையிலும் போட்டார்.

மருமகள் உள்ளிருந்து போனை எடுத்து வந்தாள். திரையில் ஏழு முகமும், முகமில்லாத ஒரு கட்டமும் காத்துக்கொண்டிருந்தன. கேட்டவரைக்கும் அவர்களுக்குப் புரிந்திருந்தது, மணி விஷயத்தை மருமகள் சொன்னாள். இனி மணி வேண்டாம், வாயால் சொல்லியே தொடங்கலாம் என்றாள் அக்கா. தையல்காரர், "அந்த ஐயாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்கம்மா" என்றார். எப்போதும் முகத்தை மறைத்தவள் அன்றைக்கு முகத்தைக் காட்டினாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள், கல்லூரிப் பெண்ணைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

"நீங்க போங்கம்மா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றாள் மருமகள்.

அவள் எழுந்தாள். அவர் நாற்காலி காலியானதைக் கண்டு அதில் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் மறுபடி மூட்டம் வந்து படிந்திருந்தது. ஷூவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"வண்டி கழுவியாச்சா?"

வாசல்படியில் அவள் நின்றாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழக்கம். அவள் அதைச் சொல்லவில்லை.

மகன் அப்பாவைப் பார்த்தான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டான்.

"கழுவியாச்சுப்பா."

"டேங்க்ல தண்ணி?"

"ரொப்பியாச்சு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த நாலு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.